ஹார்பர் பெட்டியும் கம்ப்யூட்டர் பெட்டியும்

இந்த வாரம் வடசென்னைப் பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் தெருவில் இரண்டு பேர் ‘கண்டெய்னர் மேனேஜ்மென்ட்’ வேலை பார்க்கிறார்கள். ஒருவர் ஹார்பர் பக்கம். எந்தப் பெட்டியை எந்த அடுக்கில் வைப்பது, எது முதலில் இறங்குவது என்று திட்டம் போடுகிறவர். இன்னொருவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. அவள் பார்க்கிற கண்டெய்னருக்குத் தகடும் கிடையாது, பூட்டும் கிடையாது, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பது. போன மாதம் வந்திருந்தபோது ‘கமாண்ட் இன்ஜெக்‌ஷன்’ என்ற ஒரு ஓட்டையைப் பற்றிச் சொன்னாள். பொறுமையாக, வரி வரியாக விளக்கினாள். கேட்டு முடித்ததும் எனக்குத் தோன்றியது: இது நம்ம ஹார்பர் கிளார்க்குகள் காகிதத்தில் எப்போதோ தீர்த்து வைத்திருந்த சங்கதி ஆயிற்றே! அதைத்தான் இன்று எழுதப்போகிறேன். முதலில் ஹார்பர், பிறகு கம்ப்யூட்டர்.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். மசூலாப் படகில் அலையைத் தாண்டிச் சரக்கு கரைக்கு வரும். 1861ல் இரும்புப் பாலம் வந்தது. அப்புறம் கட்டிய சுவர்களை 1881ல் புயல் உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். 1904ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் வாசலை இடம் மாற்றி, துறைமுகம் என்று சொல்லும்படி ஆனது. இதையெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன், இப்போது தாண்டிப் போகிறேன். நமக்கு வேண்டியது அந்தச் சரக்கோடு வந்த காகிதம்.

மூட்டையும் பீப்பாயுமாகச் சரக்கு வந்த காலத்தில் டேலி கிளார்க் என்று ஒருவர் இருப்பார். கொக்கியில் மாட்டி ஒவ்வொரு தூக்காக இறங்கும்போது எண்ணிக் குறிப்பது அவர் வேலை. கப்பல் தரப்பில் ஒரு கணக்கு, கரைத் தரப்பில் ஒரு கணக்கு. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் அங்கேயே சண்டை. கிழிந்த சாக்கு, உடைந்த பெட்டி, நனைந்த மூட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். திருட்டும் நடந்தது, மறுக்கவில்லை. தலைச்சுமை தூக்கி முதுகு போனவர்களை ராயபுரம், காசிமேடு தெருக்களில் நானே பார்த்திருக்கிறேன். ஆகவே ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று பாட வரவில்லை. ஆனால் என்ன இறங்குகிறது என்பதை ஒரு மனிதன் பார்த்தான். அது மட்டும் உண்மை.

பெட்டி வந்தது. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன், லாரி முதலாளி. கையால் ஏற்றினால் டன்னுக்கு ஆறு டாலருக்குப் பக்கத்தில் ஆன செலவு, பெட்டியில் 16 சென்ட்டாக இறங்கியது என்று அந்தக் கணக்கைச் சொல்வார்கள். அப்படி ஒரு வித்தியாசம் வந்த பிறகு யார் மூட்டை தூக்குவார்கள்? 1973ல் கொச்சிக்கு முதல் கண்டெய்னர் வந்து இறங்கியது. கண்டெய்னருக்கென்றே தனி முனையம் அமைத்ததில் இந்தியாவில் சென்னைதான் முதல். 1983 டிசம்பர் 18ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்தார். 2001ல் அது தனியார் கைக்குப் போனது. 2009ல் இரண்டாவது முனையம் வந்தது. இப்போது எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கூடப் பெட்டிகள் இறங்குகின்றன.

கணக்கு வாத்தியார் புத்தி போகாது, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கண்டெய்னர் மேல் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கடைசி எண்ணை மட்டும் ஒரு சின்னக் கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். அது சோதனை எண். முன்னால் இருக்கிற எழுத்துகளுக்கு ஒவ்வொரு மதிப்பு உண்டு. அந்த மதிப்புகளையும் எண்களையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11ஆல் வகுத்தால் வருகிற மீதிதான் அந்தக் கடைசி எண். (மீதி 10 வந்தால் 0 என்று போடுவார்கள்.) எங்காவது ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டால் பெரும்பாலும் உடனே மாட்டிக்கொள்ளும். என்ன அழகான ஏற்பாடு! ஆனால் கைத்தவறு மட்டும்தான் இதில் மாட்டும். வேண்டுமென்றே பொய் எழுதுகிறவன் சோதனை எண்ணையும் சரியாகப் போட்டுத்தானே எழுதுவான்?

பெட்டி பூட்டி, சீல் வைத்து வருகிறது. உள்ளே என்ன என்று கப்பல்காரருக்குத் தெரியாது. அதனால் சரக்கு ரசீதில் ஒரு வாசகம் போடுகிறார்கள்: ‘இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது’. இருக்கிறது என்று அவர்கள் உறுதி சொல்வதில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் உலக வியாபாரமே ஓடுகிறது.

அது பொய்யாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போகவேண்டாம். மணலியில் இருந்ததே! 2015ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், சுமார் 740 டன், 37 கண்டெய்னர்கள். உரத்துக்கான தரம் என்று காட்டி இறக்கினார்கள், பார்த்தால் வெடிமருந்துத் தரம் என்றார்கள். அந்தப் பெட்டிகள் மணலி சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்து வருடம் சும்மா கிடந்தன. அந்த வருட மழை வெள்ளத்தில் கொஞ்சம் கரைந்தும் போனது. சுற்றிலும் குடியிருப்பு. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் இதே பொருள் 2,750 டன் வெடித்து ஊரே பெயர்ந்த பிறகுதான் நமக்கு இங்கே இருப்பதே ஞாபகம் வந்தது. சில நாட்களில் மிச்சத்தை லாரி லாரியாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். பெய்ரூட் வெடிக்காமல் இருந்திருந்தால் எத்தனை வருடம் கிடந்திருக்குமோ.

சரி, இது பொய்ச் செய்தி. அந்த ஓட்டை வேறு வகை. அதைப் புரிந்துகொள்ள ஹார்பர் காகிதங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும்.

கப்பல் வந்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதற்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். வெள்ளைக்காரன் போட்ட 1878 கடல் சுங்கச் சட்டத்திலும் உண்டு, இப்போதிருக்கும் 1962 சுங்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவிலும் உண்டு. பட்டியல் கொடுப்பது கப்பல் தரப்பு. பிறகு சரக்குக்கு உரியவர் 46ஆம் பிரிவின்படி தனியாக ஒரு விண்ணப்பம் தருகிறார். அதைப் பார்த்து, வரி வாங்கி, ‘எடுத்துப் போகலாம்’ என்று 47ஆம் பிரிவில் உத்தரவு போடுகிறவர் சுங்க அதிகாரி. கப்பல் ஏஜென்ட் தருகிற டெலிவரி ஆர்டர் வேறு. வாசலில் காட்டுகிற கேட் பாஸ் வேறு. எத்தனை காகிதம், எத்தனை கை என்று கிளியரிங் ஏஜென்ட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனால் இதில் ஒரு புத்தி இருக்கிறது. சிலது செய்தி சொல்லும் காகிதம். சிலது உத்தரவு போடும் காகிதம். செய்தி சொல்கிற காகிதத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் அது உத்தரவு ஆகாது. மேனிஃபெஸ்டில், ‘பருத்தி நூல் 200 பேல்’ என்பதற்குக் கீழே ‘இந்தப் பெட்டியைச் சோதிக்காமல் வெளியே விடவும்’ என்று ஒருவன் எழுதிவைத்தால் கிளார்க் என்ன செய்வார்? சிரிப்பார். அல்லது போலீஸைக் கூப்பிடுவார். எழுதியிருக்கிறதே என்று கதவைத் திறந்துவிட மாட்டார்.

கம்ப்யூட்டர் திறந்துவிடும். கமாண்ட் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான்.

வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் பியூனிடம், ‘சீட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அந்தப் பையனை அழைத்து வா’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். பியூன் விசுவாசமானவர், ஆனால் எழுதியிருப்பதை அப்படியே செய்கிறவர். ஒரு குறும்புக்காரப் பையன் சீட்டில், ‘ரமேஷ். பிறகு போய் கடைசி மணி அடி’ என்று எழுதி வைக்கிறான். பியூன் ரமேஷை அழைத்து வருகிறார், போய் மணியும் அடிக்கிறார். பள்ளிக்கூடம் பதினோரு மணிக்கே விட்டுவிட்டது! பையன் பூட்டை உடைக்கவில்லை. பெயர் எழுத விட்ட இடத்தில் உத்தரவு எழுதினான், அவ்வளவுதான்.

இனி கம்ப்யூட்டர் பெட்டி. ஒரு மென்பொருள் ஓடுவதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, எந்தக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் ஒரே மாதிரி ஓடும்படி செய்வதற்கு கண்டெய்னர் என்று பெயர் வைத்தார்கள். பெயரே கப்பல் பெட்டியைத்தான் நினைவூட்டுகிறது. 2013ல் வந்த டாக்கர் என்ற மென்பொருளின் சின்னம், முதுகில் பெட்டிகளை அடுக்கிச் சுமக்கும் திமிங்கிலம். ஆயிரக்கணக்கான பெட்டிகளை நிர்வகிக்க 2014ல் கூகுள் வெளியிட்டது குபெர்நெட்டீஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிக்கிறவர் என்று பொருள். நம்ம ‘கவர்னர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சின்னம், கப்பல் சுக்கான் சக்கரம். இன்னும் வேடிக்கை, எந்தப் பெட்டி எங்கே எப்படி ஓடவேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் காகிதத்துக்கு அங்கேயும் மேனிஃபெஸ்ட் என்றுதான் பெயர்! அந்தப் பெண் இதைச் சொன்னபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

2023 ஆகஸ்டில் இந்தக் குபெர்நெட்டீஸில் ஓர் ஓட்டை வெளியே வந்தது. அதன் பதிவு எண் சிவிஇ-2023-3676. கண்டுபிடித்தவர் அகமாய் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர். ஆபத்தின் அளவு பத்துக்கு 8.8 என்று மதிப்பெண் போட்டார்கள். விஷயம் இப்படி. மேனிஃபெஸ்டில், எந்த உறையை எந்தப் பாதையில் இணைக்கவேண்டும் என்று எழுத ஓர் இடம் உண்டு. விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டர்களில், அந்தப் பாதை நேரான பாதைதானா, வேறு எங்காவது திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று குபெர்நெட்டீஸ் சோதிக்கும். சோதிக்க, எழுதியிருந்த பாதையை அப்படியே ஒரு கட்டளை வாக்கியத்தில் ஒட்டி பவர்ஷெல் என்ற பியூனிடம் கொடுத்துவிட்டது. பவர்ஷெல்லுக்கு ஒரு பழக்கம். டாலர் குறி போட்டு அடைப்புக்குறிக்குள் எதையாவது எழுதினால், அதைப் பெயராகப் பார்க்காது. முதலில் அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஆக, பாதை எழுதவேண்டிய இடத்தில் கட்டளை எழுதினால், அது அந்தக் கம்ப்யூட்டரின் உச்ச அதிகாரத்தோடு நடந்துவிடும். பெட்டி அனுப்பும் அனுமதி மட்டும் உள்ள ஒருவர், யார்டு முழுவதற்கும் அதிகாரி ஆகிவிடலாம்.

இதில் எனக்கு உறுத்தியது ஒன்று. அந்த வரியை எழுதியதே பாதுகாப்புச் சோதனைக்காக. வாசலில் சோதனை போட நிறுத்திய ஆளே, சீட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

சரி செய்த விதமும் நம்ம ஹார்பர் வழிதான். பாதையை வாக்கியத்துக்குள் ஒட்டாமல், தனியாக ஓர் உறையில் வைத்துக் கொடுத்தார்கள். உறைக்குள் இருப்பது வெறும் பெயர், அதில் என்ன எழுதியிருந்தாலும் செய்யாதே என்று ஏற்பாடு. செய்திக் காகிதம் தனி, உத்தரவுக் காகிதம் தனி.

இது நேற்று முளைத்த வியாதி என்று நினைக்கவேண்டாம். 1960களில் அமெரிக்கத் தொலைபேசியில் பேச்சு போகும் அதே கம்பியில்தான் இணைப்பகத்துக்கான கட்டளைகளும் சத்தமாகப் போயின. 2600 ஹெர்ட்ஸ் சத்தம் கேட்டால் ‘கம்பி காலி’ என்று இணைப்பகம் எடுத்துக்கொள்ளும். காலை உணவு டப்பாவில் இலவசமாக வந்த பொம்மை விசில் ஒன்று சரியாக அந்தச் சத்தத்தைக் கொடுத்தது. பையன்கள் விசில் ஊதி ஓசியில் உலகம் முழுக்கப் பேசினார்கள். 1970களின் பாதியிலிருந்து கட்டளைக்குத் தனிப் பாதை போட்டார்கள், அதன் பிறகுதான் விசில் அடங்கியது. 2014 செப்டம்பரில் ‘ஷெல்ஷாக்’ என்று ஒன்று வெளியே வந்தது. பாஷ் என்ற கட்டளை மென்பொருளில் 1989லிருந்து இருந்த ஓட்டை. 25 வருடம் யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது, புதிதாக அதிர்ச்சி அடைகிறது.

ஹேக்கர் என்றதும் சினிமாவில் கருப்புக் கண்ணாடி போட்ட மேதாவியைக் காட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பெரும்பாலும் இது குமாஸ்தா வேலையில் கவனக்குறைவு. அதைப் பயன்படுத்திக்கொள்ள மேதை தேவையில்லை, பொறுமை போதும்.

‘சரி சார், கம்ப்யூட்டர்காரர்கள் கஷ்டம், நமக்கென்ன?’ என்று திருவொற்றியூரில் உட்கார்ந்து கேட்கமுடியாது. இரும்புப் பெட்டியை நகர்த்துவதே இப்போது மென்பொருள்தான். கட்டளை ஓட்டையோ வேறு ஓட்டையோ, உள்ளே ஒருவன் புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மற்ற துறைமுகங்களில் பார்த்துவிட்டோம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் 2011 முதல் 2013 வரை போதைப்பொருள் கும்பல் ஆள் வைத்துத் துறைமுக நிறுவனங்களின் கம்ப்யூட்டரில் நுழைந்தது. பெட்டியை எடுத்துப் போகும் ரகசிய எண்ணைத் திருடி, உரியவர் வருவதற்கு முன்பே தங்கள் டிரைவரை அனுப்பியது. உத்தரவுக் காகிதமே ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்ட பிறகு அந்த எண் கிடைத்தால் போதுமே.

2017 ஜூன் 27ஆம் தேதி நாட்பெட்யா என்ற நச்சு மென்பொருள் உக்ரைனின் ஒரு கணக்கு மென்பொருள் வழியாகக் கிளம்பி, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை உலகம் முழுக்க முடக்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பத்து நாளில் திரும்ப ஏற்றினார்கள் என்று அந்த நிறுவனத் தலைவரே பிறகு சொன்னார். 2023 ஜூலை 4ஆம் தேதி ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் பெட்டி நிர்வாக மென்பொருள் முடங்கி இரண்டரை நாள் வேலை நின்றது. இந்த இரண்டும் நான் மேலே சொன்ன கமாண்ட் இன்ஜெக்‌ஷன் வகை இல்லை. ஆனால் மென்பொருள் நின்றால் கிரேனும் நிற்கும் என்பதற்குச் சாட்சி.

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை எப்படி நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளிலேயே டிரைவர் கேபினில் படுத்து, சாலை ஓரத்தில் குளித்து, அடுத்த ஆள் நகர்ந்தால் தானும் நகர்ந்து கிடக்கிறார். நடைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு நிற்கிற நாளுக்குக் கூலி இல்லை. அந்த வரிசைக்கு நடுவில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஆம்புலன்ஸ் போகிறது. நகோயா மாதிரி இரண்டரை நாள் இங்கே நின்றால் அந்த வரிசை எங்கே போய் முடியும்? இழப்பைக் கோடி கணக்கில் சொல்வார்கள், தலைப்புச் செய்தி வரும். கேபினில் படுத்திருக்கிறவரின் சோற்றுக்கணக்கை யாரும் எழுதமாட்டார்கள்.

பெட்டி வந்தபோது கணக்குப் பார்க்கும் டேலி கிளார்க் வேலை சுருங்கியது, மூட்டை தூக்கும் வேலை போனது. போகட்டும், காலம் மாறும். ஆனால் அவர்களோடு சேர்ந்து, எது செய்தி, எது உத்தரவு என்று பிரித்துப் பார்க்கிற கண்ணும் போய்விட்டது. மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய காகிதங்களை ஒருநாள் காட்டவேண்டும் என்று என் மாணவியிடம் சொன்னேன். ‘நிஜமாகவே கொண்டு வாங்க சார், எங்க டீமுக்கே காட்டலாம்’ என்கிறாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஹார்பரில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால், பரணில் பழைய டேலி புத்தகம், டெலிவரி ஆர்டர், கேட் பாஸ் கட்டு ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து உள்பெட்டியில் அனுப்பினால் போதும். பெயர், விலாசம் எல்லாம் மறைத்துவிட்டு அனுப்புங்கள். 1983க்கு முந்தையது இருந்தால் நானே நேரில் வந்து பார்க்கிறேன்.